ஒழுங்குக்குப் பொறுப்பு: பி.டி. டீச்சர்

கணக்கு வாத்தியாருக்குக் கணக்கு வராத பிள்ளை மட்டும்தான் தலைவலி, பி.டி. டீச்சருக்கோ பள்ளிக்கூடத்தில் யாருக்கும் அடங்காத அத்தனை பிள்ளைகளும் தலைவலி.

எண்பதுகளில் ஏற்காட்டில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் எனக்கு அந்த வேலை கிடைத்தது. சேலத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியும் கழுத்தில் ஒரு விசிலுமாக மலையேறிப் போனேன். ஓட்டம், கபடி, வளையப்பந்து சொல்லிக் கொடுக்கப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். முதல் நாளே எங்கள் ஹெச்.எம். தேவசகாயம் சார் ஒரு பிரம்பை எடுத்து மேஜைமேல் வைத்து, "டிசிப்ளின் முழுக்க உங்க பொறுப்பு டீச்சர்" என்று சொல்லிவிட்டார். எந்தப் பள்ளிக்கூடத்திலும் இதுதான் வழக்கம் என்பது இதைப் படிக்கும் பி.டி. ஆசிரியர்களுக்குத் தெரியும். பிள்ளைகள் எனக்கு விசில் டீச்சர் என்று பெயர் வைத்தார்கள். மற்ற டீச்சர்கள், "விசில் டீச்சரைக் கூப்பிடட்டுமா?" என்று அந்தப் பெயரைச் சொல்லியே வகுப்பை அடக்கினார்கள். பூச்சாண்டிக்குச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தது அந்தப் பள்ளிக்கூடம் ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

மூடிய கேட்

காலை ஜெப மணி அடித்ததும் கேட்டை மூட வேண்டும். அதற்குப் பிறகு வருகிற பிள்ளைகள் கேட்டுக்கு வெளியே ஜல்லியில் முட்டி போட வேண்டும். இது ஹெச்.எம். போட்ட சட்டம். பக்கத்தில் நிற்பது என் வேலை. மழைக்காலத்தில் முட்டி போடுகிற பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே கூட்டம்தான். மஞ்சக்குட்டைப் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள். காலில் செருப்பு இருக்காது, தலையில் மழைக்கு உரச் சாக்கைக் கொங்காணியாக மடித்துப் போட்டிருப்பார்கள். ஒரு வார்த்தை பேசாமல் வந்து, நான் சொல்வதற்கு முன்பே வரிசையாக முட்டி போட்டுவிடுவார்கள். அப்படிப் பழகிப் போயிருந்தது.

ஒருநாள் தூறலில் அவர்கள் முட்டி போட்டுக்கொண்டிருந்தபோது, அவர்களை இறக்கிவிட்ட பஸ் கிளம்பவே இல்லை. டிரைவர் கீழே இறங்கி வந்தார். நரைத்த மீசை, காக்கிச் சட்டை. என்னைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். பிறகு வரிசையின் கடைசியில் இருந்த சின்னப் பெண்ணுக்குப் பக்கத்தில் வேட்டியைச் சுருட்டிக்கொண்டு தானும் முட்டி போட்டார். பஸ்ஸில் இருந்த சனம் முழுவதும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தது. செய்தி போய் ஹெச்.எம். குடையோடு ஓடி வந்தார். "என்னங்க இது, எந்திரிங்க, ஊரு பாக்குது" என்றார். டிரைவர் எழுந்திருக்கவில்லை. பிள்ளைகள் சிரிப்பை அடக்கித் தரையைப் பார்த்தார்கள். கடைசியில் ஹெச்.எம். தன் கையாலேயே கேட்டைத் திறந்து பிள்ளைகளை உள்ளே விட்டார். பஸ் பிள்ளைகளுக்கு அந்தச் சட்டம் அன்றோடு போயிற்று. முட்டியில் ஒட்டிய ஜல்லியைத் தட்டிவிட்டபடி டிரைவர் நிதானமாகச் சொன்னார்:

"லேட்டு பஸ்ஸுதானுங்க, புள்ளைங்க இல்லீங்க. பஸ்ஸ முட்டி போட வெக்க முடியாது, அதான் நான் போட்டேனுங்க."

தோலை உரிக்கச் சொன்ன அம்மா

எங்கள் பள்ளிக்குப் புதிதாக ஓர் அறிவியல் சார் வந்தார். கல்லூரியை விட்டு நேராக வந்தவர், எதையும் சொன்னபடியே செய்கிறவர். வந்த வாரத்திலேயே ஓர் அம்மா தன் மகனைக் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் நிறுத்தினார். "படிக்கவே மாட்டேங்கறானுங்க சார். கண்ணு ரெண்டையும் உட்டுப்போட்டுத் தோலை உரிச்சுப்போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். இந்த வாசகத்தைக் கேட்காத வாத்தியார் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. நாமெல்லாம் தலையை ஆட்டிவிட்டு வேலையைப் பார்ப்போம். இவர் அன்று மத்தியானமே பையனுக்குப் பிரம்பால் நாலு வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் அந்த அம்மா கேட்டில் நின்றார். துணைக்குப் பக்கத்து வீட்டு அம்மாவும் வந்திருந்தார். பையனின் கையைத் திருப்பிக் காட்டி நியாயம் கேட்டார். அறிவியல் சார் முகம் வெளுத்து, "நீங்கதானேம்மா சொன்னீங்க?" என்றார். அந்த அம்மாவுக்கு வந்த கோபத்தில் அழுகையும் கலந்திருந்தது.

"நான் சொன்னது வாத்தியாருக்கு ஒரு மரியாதைக்குச் சொல்றதுங்க சார். எங்க ஊட்டுக்கு வந்தாக் காப்பி குடிங்கன்னு சொல்லுவோம், அதுக்குன்னு குண்டாவோட எடுத்துக் குடிச்சுப்போடுவீங்களா?"

சொன்னா கேக்கமாட்டா

செல்வி ஆறாம் வகுப்பில் சேர்ந்தாள். வாழவந்தியில் கூலி வேலை செய்கிற குடும்பம். அவளைப் பற்றி என்னிடம் வந்த முதல் புகார் அவள் கடிக்கிறாள் என்பது. பின்னால் இருந்து சடையைப் பிடித்த பிள்ளையைக் கடித்தாள். எத்தனை தடவை கூப்பிட்டும் திரும்பவில்லை என்று காதைத் திருகிய தமிழம்மாவின் கையைக் கடித்து, பல் பதிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. எதைக் கேட்டாலும் முகத்தையே வெறித்துப் பார்ப்பாள். "திமிரு" என்றார் தமிழம்மா, கையில் கட்டோடு. "சொன்னா கேக்கறதே இல்ல."

பிரம்படிக்கு என்று என்னிடம் அனுப்பினார்கள். அது விளையாட்டுப் பீரியடாக இருந்ததால், முதலில் ஓடட்டும் என்று வரிசையில் நிறுத்தினேன். விசில் ஊதினேன். எல்லோரும் பாய்ந்த பிறகுதான் அவள் கிளம்பினாள். அப்படிக் கடைசியாகக் கிளம்பியவள் கோட்டைத் தொடும்போது முதல் ஆளாக இருந்தாள். மறுபடி ஓட விட்டேன். மறுபடியும் அதே கதை. மூன்றாவது முறை அவள் கண்களைக் கவனித்தேன். என்னைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற பிள்ளையின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கால் நகர்ந்தால் தானும் நகர்வாள். மெல்ல அவள் முதுகுப் பக்கம் போய் முழு மூச்சோடு விசிலை ஊதினேன். மற்ற பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு திரும்பினார்கள். செல்வி எதிரே மலையில் மேகம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சனிக்கிழமை அவளையும் அவள் அம்மாவையும் சேலம் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ஒரு காது முழுக்கவே போயிருந்தது. தமிழம்மா திருகிய மற்றொரு காதில் சீழ் பிடித்திருந்தது. தொட்டாலே உயிர் போகிற வலி இருந்திருக்கும் என்றார் டாக்டர். மருந்துக்கு அந்தக் காது கொஞ்சம் தேறியது. முன் பெஞ்சில் உட்கார வைத்தோம். எதிரே நின்று முகம் பார்த்துப் பேசினோம். ஓட்டத்துக்கு நான் விசில் ஊதும்போதே ஒரு கைக்குட்டையையும் கீழே போடத் தொடங்கினேன். அந்த வருஷம் விளையாட்டு விழாவில் அவளை யாராலும் பிடிக்க முடியவில்லை. அவளிடம் முதலில் போய் முகத்தை நேராகப் பார்த்து "நல்லா ஓடுனே கண்ணு" என்று சொன்னவர் தமிழம்மா. அவள் கடிப்பது எப்போது நின்றது என்று யாருக்கும் நினைவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் அவள் அம்மா சொன்னது மட்டும் எனக்கு மறக்கவில்லை:

"கேக்கமாட்டா கேக்கமாட்டான்னு எல்லாருஞ் சொன்னாங்க டீச்சர். காது கேக்கலைன்னு ஒருத்தருஞ் சொல்லலீங்க."

திங்கட்கிழமைச் சண்டை

மாது எட்டாம் வகுப்பு. எஸ்டேட்டில் கூலிக்காரர்களுக்குக் கட்டிய லயன் வரிசை வீட்டுப் பையன். செவ்வாய் முதல் வெள்ளி வரை இருக்கும் இடம் தெரியாது. திங்கட்கிழமை காலையில் மட்டும் யாரையாவது அடித்துவிடுவான். காரணமே வேண்டாம், பை இடித்தது, முறைத்தது, சிரித்தது எல்லாம் போதும். ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டில் சந்தை. எஸ்டேட்காரர்கள் சாமான் வாங்க வருகிற நாள், சிலருக்குக் குடிக்கிற நாளும் அதுதான். அதையும் இவன் சண்டையையும் நான் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை. அவனே ஒருநாள் சொன்னான். மூக்குடைந்த பையனை நர்ஸிடம் அனுப்பிவிட்டு மைதானத்து ஓரத்தில் அவனை உட்கார வைத்திருந்தேன். "ஞாயித்துக்கெழம நான் தூங்கறதில்லீங்க டீச்சர். அப்பன் முழிச்சா அம்மாவ அடிக்கும். நான் கதவுல சாஞ்சு உக்காந்துக்குவேன்" என்றான். சொல்லி முடிப்பதற்குள் அவனுக்குக் கண் சொருகியது.

திங்கட்கிழமை முதல் பீரியட் கணக்கு. கணக்கு வாத்தியார் பழனிசாமி சார் பெஞ்சில் தலை சாய்த்தவன்மேல் சாக்பீஸ் எறிகிற ஆள். தயங்கித்தான் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "ம்" என்றதோடு சரி. அடுத்த திங்கள் அந்த வகுப்பைத் தாண்டிப் போனபோது எட்டிப் பார்த்தேன். கடைசி பெஞ்சில் மாது தூங்கிக்கொண்டிருந்தான். அவன்மேல் சாருடைய சால்வை இருந்தது. சார் வழக்கத்தைவிடத் தணிந்த குரலில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அந்தப் பீரியடில் போன கணக்கைச் சாயங்காலம் ஸ்டாப் ரூமில் வைத்துச் சொல்லிக் கொடுத்தார். இடையில் மாதுவின் அப்பாவை எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் மூலமாகக் கூப்பிட்டு ஹெச்.எம். பேசினார். கொஞ்ச நாள் பலன் இருந்தது, பிறகு பழையபடிதான். ஆனால் திங்கட்கிழமைச் சண்டை ஓய்ந்தது.

இன்ஸ்பெக்ஷன் ஒரு திங்கட்கிழமை வந்து தொலைத்தது. அதிகாரி வகுப்புக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது அந்தச் சால்வைதான். "என்ன சார், உங்க கிளாஸ்ல பையன் தூங்கறான்?" என்றார். வாசலில் நின்ற ஹெச்.எம்.முக்கு வியர்த்தது. பழனிசாமி சார் கரும்பலகையிலிருந்து திரும்பி, குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"அவன் காவலுக்கு இருந்துட்டு இப்பத்தானுங்க வந்திருக்கான். நீங்க மத்த பசங்களக் கேள்வி கேளுங்க."

மதில் தாண்டியவன்

எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை. அந்தோணி செம்மநத்தத்துப் பையன். வரிசை என்றாலே அவனுக்கு ஆகாது. ஜெபத்துக்கு நிற்கும் வரிசை, சத்துணவு வரிசை, எதிலும் நிற்க மாட்டான். மத்தியானத்தில் மதிலைத் தாண்டிப் போய்விடுவான். ஹெச்.எம். மதிலை உயர்த்திக் கட்டினார். அதையும் தாண்டினான். மேலே கண்ணாடிச் சில்லைப் பதித்தார்கள். ஒருநாள் அதன்மேல் சாக்கைப் போட்டுத் தாண்டினான். அதோடு அவன் திரும்பி வரவே இல்லை. வீட்டுக்குத் தேடிப் போனேன். அவன் அம்மா வாசலில் மிளகு காயப் போட்டுக்கொண்டிருந்தார். "லாரிக்குப் போய்ட்டானுங்க, டீச்சர். அவனுக்கு நாலு சொவத்துக்குள்ள மூச்சு முட்டுதாமா" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் அந்தக் கண்ணாடிச் சில்லுதான் எனக்கு நினைவில் குத்தியது.

சில வருஷங்கள் கழித்துச் சேலத்துக்குப் பஸ்ஸில் இறங்கிக்கொண்டிருந்தேன். ஒரு கொண்டை ஊசி வளைவில் சில்வர் ஓக் மரம் ஏற்றிய லாரி ஒன்று திரும்ப முடியாமல் குறுக்கே நின்றுவிட்டது. மேலேயும் கீழேயும் வண்டிகள் அடைத்துக்கொண்டன. லாரிச் சக்கரத்துக்குக் கட்டை போட்டுவிட்டு ஒரு கிளீனர் நடுரோட்டில் இறங்கி, ஒவ்வொரு வண்டியாகப் பின்னால் போகச் சொல்லி ஒழுங்கு பண்ணிக்கொண்டிருந்தான். கறுத்து, உயர்ந்து, லேசாக மீசை வைத்து, அந்தோணி. பெரிய பெரிய டிரைவர்கள் அவன் கைக்குக் கட்டுப்பட்டார்கள். என்னைப் பார்த்ததும் ஒரு நொடி நின்று தலையைக் குனிந்து சிரித்தான். அப்போது ஒரு ஜீப் இடையில் புகுந்து முந்தப் பார்த்தது. அந்தோணி அதன் பானெட்டில் கையை வைத்து நிறுத்தினான்.

"அண்ணா, வரிசையில நில்லுங்க. எங்க டீச்சர் பஸ்ஸுல இருந்து பாத்துட்டு இருக்காங்க."

பீடத்து விரிப்பு

ரோஸ்லின் ஒன்பதாம் வகுப்பு, ஹாஸ்டல் பிள்ளை. அவள் அம்மா ஒரு காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கிறவர். அப்பா இல்லை. பறிப்புக் காலம் வந்தால் ரோஸ்லினும் அம்மாவுக்குத் துணையாகப் போய்விடுவாள். பொங்கலுக்குப் பிறகு திரும்பி வரும்போது பாடமெல்லாம் கையை விட்டுப் போயிருக்கும். அந்த எரிச்சல் எல்லார் மேலும் பாயும். சட்டென்று பேசுவாள், கதவை அறைந்து சாத்துவாள்.

எங்கள் தையல் டீச்சர் பெயர் ஞானம். வேலையில் கெட்டிக்காரர், வாயில் கொஞ்சம் முள் உண்டு. சர்ச் பீடத்துக்கு ஈஸ்டருக்காக ஒரு வெள்ளை விரிப்பில் மாதக்கணக்காகப் பூ வேலை செய்துகொண்டிருந்தார். ஒருநாள் ரோஸ்லின் தைத்த மடிப்பு கோணிப்போயிற்று என்று வகுப்பின் முன்னால் அதைத் தூக்கிக் காட்டி, "காப்பி பறிக்கிற கைக்கு ஊசி எதுக்கு? லயன்ல பொறந்தது லயன்லதான் போய் நிக்கும்" என்று சொல்லிவிட்டார். ரோஸ்லின் மேஜைமேல் இருந்த பெரிய கத்தரியை எடுத்தாள். அந்த விரிப்பை நடுவில் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை வெட்டிப் போட்டுவிட்டு, கத்தரியை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

மறுநாள் ஹெச்.எம். அறையில் கூடினோம். டி.சி. கொடுத்து அனுப்ப வேண்டும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நான் இந்த வருஷம் முடியும்வரை பார்க்கலாம் என்று கெஞ்சினேன். "கத்தரி எடுத்த புள்ள. நாளைக்கு இன்னொரு புள்ள மேல பட்டா யார் டீச்சர் பதில் சொல்றது?" என்று ஹெச்.எம். கேட்டார். கொடுமைக்காரர் அல்ல அவர், பயந்துபோய்க் கேட்டார். ரோஸ்லின் சுவர் ஓரமாகக் கல் மாதிரி நின்றாள். மன்னிப்புக் கேள் என்றால், "டி.சி. குடுத்துருங்க" என்றாள்.

அவள் அம்மாவுக்குச் சொல்லி அனுப்பியிருந்தோம். தோட்டத்திலிருந்து நேராக வந்திருந்தார். இடுப்பில் கட்டிய சாக்குகூட அப்படியே இருந்தது. நாற்காலியில் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "தப்புத்தானுங்க சார். என்ன தண்டன வேணா குடுங்க, பேர மட்டும் வெட்டிப்போடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே ஞானம் டீச்சரின் காலில் விழக் குனிந்தார். அதுவரை அசையாமல் நின்ற ரோஸ்லின் ஓடி வந்து அம்மாவின் தோளைப் பிடித்துத் தூக்கினாள். "நீ உழாதம்மா. பண்ணுனது நானு, நான் உழறேன்" என்று சொல்லி டீச்சர் காலில் விழுந்தாள்.

ஞானம் டீச்சர் காலை இழுத்துக்கொண்டு சுவரோரம் போய்விட்டார். அந்த அம்மாவின் இடுப்பில் இருந்த சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தவர் பிறகு ஹெச்.எம்.மிடம் சொன்னார்: "சார், எங்க அம்மாவும் இப்படிச் சாக்கு கட்டிப் பழம் பறிச்சவங்கதான். நான் பொறந்ததும் லயன்லதான். இங்க யாருக்கும் சொன்னதில்ல. அந்த வார்த்தைய சின்ன வயசுல என்னைப் பாத்து ஒருத்தங்க சொன்னாங்க. அது எங்க குத்தும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன். இந்தப் புள்ளைய அனுப்பாதீங்க."

டி.சி. பேச்சு அத்தோடு நின்றது. ஆனால் வெட்டிய விரிப்பை இருவரும் சேர்ந்து சரி செய்ய வேண்டும் என்று ஹெச்.எம். சொன்னார். நல்ல யோசனையாகத்தான் பட்டது, ஆனாலும் முதல் சில நாட்கள் அந்தத் தையல் அறைக்குள் போகவே எனக்குப் பயமாக இருந்தது. இரண்டு பேரும் துணியின் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை இல்லாமல் தைத்துக்கொண்டிருப்பார்கள். பிறகு ஒருநாள், ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியவில்லை என்று டீச்சர் சலித்துக்கொள்ள, ரோஸ்லின் வாங்கிக் கோத்துக் கொடுத்தாள். வெட்டிய கோட்டின்மேலேயே ஒரு கொடி ஓட விட்டார்கள். அடுத்த பறிப்புக் காலத்தில் விட்டுப் போகிற பாடத்துக்கு, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஞானம் டீச்சர் வீட்டிலேயே வகுப்பு நடந்தது. ரோஸ்லினின் கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். கதவை அறைவது கடைசிவரை இருந்தது. பத்தாவதில் ஒரு பாடம் போய், மறுபடி எழுதித் தேறினாள். அந்த விரிப்பை முதலில் போட்ட ஈஸ்டர் அன்று பூசை முடிந்து வெளியே வரும்போது ஓர் அம்மா, "விரிப்பு நொம்ப நல்லாருக்குங்க டீச்சர். நடுவுல போற கொடி யாரு போட்டது?" என்று விசாரித்தார். ஞானம் டீச்சர் கூட்டத்தில் ரோஸ்லின் எங்கே என்று தேடிக்கொண்டே பதில் சொன்னார்:

"பாதி நான் போட்டது, பாதி எங்க ரோஸ்லின் போட்டது. எது யாருதுன்னு இப்ப எனக்கே தெரியலீங்க."

பிள்ளைகளை நேராக நிற்க வைக்கத்தான் எனக்கு இத்தனை வருஷம் சம்பளம் கொடுத்தார்கள். அதில் பாதிக்குமேல் பெரியவர்களைக் கொஞ்சம் உட்கார வைத்துப் பேசுவதிலேயே போய்விட்டது.